பூட்டையாவின் வெள்ளை நாற்காலி

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே அந்தத் தெருவில் வரிசை வளர ஆரம்பித்துவிடும். பழைய மரச்சாமான் கிடங்கின் வாசலில் தொடங்கி, பக்கத்து மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம்வரை போகும். நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். எல்லார் கையிலும் ஒரு பை. அந்தப் பையை எல்லாரும் வயிற்றுக்குக் கீழே, முன்பக்கமாகத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். துக்க வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

கிடங்கின் நெற்றியில் ஒரு பலகை. "நிற்காதது நிற்கும். நம்பியவருக்கு ஒரே பூட்டு." அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய அளவில் இன்னொரு வரி. "சந்தேகம் உள்ளவர்கள் உள்ளே வரவேண்டாம்." தொழிலின் அசல் விதியைச் சின்ன எழுத்தில் போடுவதுதானே வழக்கம்.

நிற்காதது எது? சிறுநீர். இவர்கள் எல்லாருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, அறுவை செய்து சுரப்பியை எடுத்திருந்தார்கள். புற்றுநோய் போனது. போகும்போது அடக்கும் சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இருமினால் சொட்டு. தும்மினால் நாலு சொட்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கால்சட்டைக்குள் சின்னதாக ஒரு மழை.

இதில் மாயம் எதுவும் இல்லை. குழாய் வேலைதான். சிறுநீர்ப்பை ஒரு பை. அதன் வாயில், வெளியே போகும் குழாயைச் சுற்றி, மோதிரம்போல உட்கார்ந்திருப்பது புரோஸ்டேட். அந்த வாசலுக்கு இரண்டு காவலாளிகள். மேலே இருப்பவன் நாம் கேட்காமலேயே நாள் முழுக்க மூடிப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன், அவசரத்தில் நாம் இறுக்கிப் பிடிக்கிறோமே, அந்தத் தசை. சுரப்பியை எடுக்கும்போது மேல் காவலாளி பெரும்பாலும் கூடவே போய்விடுகிறான். இனி முழுப் பாரமும் கீழே இருப்பவன் தலையில். அவனோ இத்தனை வருஷம் தூங்கியே சம்பளம் வாங்கியவன். அவனை எழுப்பிப் பழக்கவேண்டும். இறுக்கு, பத்து எண்ணு, விடு, மறுபடி இறுக்கு. தினமும் இப்படிச் செய்தால் மாதக்கணக்கில் அவன் வேலை கற்றுக்கொள்வான். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலோருக்கு நின்றுவிடும், அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். நிற்காதவர்களுக்கு மேல் சிகிச்சையும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

"பெரும்பாலோருக்கு நின்றுவிடும்." இந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிடங்குக்குள் உட்கார்ந்திருந்த பூட்டையா பிழைத்தார்.

அவர் முறை எளிமையானது. கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளைப் பூட்டு. அதை அரைஞாணில் கோப்பார். தொப்புளுக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடுவார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். பிறகு, டிக். "பூட்டியாச்சு, போ." சாவி அவரிடம் இருக்கும். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சாவிகள். பூட்டு மாதம் ஒருமுறை தளருமாம். ஒவ்வொரு முறையும் வந்து, காணிக்கை வைத்து, மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். தளரும் பூட்டை எந்தக் கடைக்காரனும் திருப்பி எடுத்துக்கொள்வான். இங்கே மட்டும் அது தளர்வதே பெருமை.

பூட்டுப் போட்டவனுக்கு மூன்று விதிகள். ஒன்று, பேட், பஞ்சு, துணி எதுவும் கட்டக்கூடாது. கட்டினால் பூட்டுக்கு அவமானம், தானாகத் திறந்துகொள்ளும். இரண்டு, ஆஸ்பத்திரி ஊசி உடம்பில் படக்கூடாது. பட்டால் பூட்டு துருப்பிடிக்கும். மூன்று, ஒழுகுகிறது என்று வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவன் பூட்டு மட்டும் உடையாது. மற்ற எல்லார் பூட்டும் சேர்ந்து உடையும்.

அந்த மூன்றாவது விதியைக் கொஞ்சம் நின்று ரசிக்கவேண்டும். உனக்குக் குணமாகவில்லையா? வாயை மூடு. திறந்தால் நாற்பது பேருக்கு நீ துரோகி. ஏமாந்தவனையே காவலுக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. சம்பளமும் கிடையாது.

மாதாந்திர நன்றிக் கூட்டத்தன்று வெள்ளை நாற்காலிக் காட்சி நடக்கும். வரிசையாக வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள். பூட்டுப் போட்டவர்கள் அதில் ஒரு மணி நேரம் உட்காரவேண்டும். பூட்டையா அருளுரை ஆற்றுவார். முடிந்ததும் எல்லாரும் எழுவார்கள். துணியில் ஒரு ஈரம் இருக்காது. கதவோரம் நிற்கும் மனைவிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்தவன் அங்கேயே காணிக்கைக்குப் பையைத் திறப்பான்.

நம் கதைக்கு வேண்டியவர் அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர். முடிதிருத்தும் கடைக்காரர். தெருவே அவரைக் கத்தரியார் என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷமாக நின்றுகொண்டே வேலை, பேசிக்கொண்டே வேலை. அவரிடம் முடி வெட்டிக்கொண்டவனுக்கு அன்றைக்குச் செய்தித்தாள் தேவைப்படாது. அந்த மனிதர் அறுவை முடிந்து எட்டு மாதமாகத் தேவைக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. பேசினால் சிரிக்க வேண்டிவரும். சிரித்தால் அணை உடையும்.

அவருடைய சாமர்த்தியத்தையும் சொல்லிவிடவேண்டும். கறுப்புக் கால்சட்டை. முழங்கால்வரை கறுப்பு ஏப்ரன். காலையில் கடை திறந்ததும், முடியை நனைக்கிற தெளிப்பானை எடுத்துத் தன் ஏப்ரன் மேலேயே நாலு தடவை அடித்துக்கொள்வார். "இந்தத் தெளிப்பான் ஒழுகுது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒரு பாவமும் அறியாத பிளாஸ்டிக் பாட்டில் அவருக்காகப் பழி சுமந்தது. வாடிக்கையாளர் ஒருவர் இரக்கப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். மறுநாளே அதுவும் ஒழுக ஆரம்பித்தது.

தண்ணீரையும் நிறுத்திவிட்டார். காலையில் அரை டம்ளர், கடை மூடிய பிறகு மீதி. உள்ளே போகாதது வெளியே வராது என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டிச் சிறுநீர் பையின் உள்சுவரை எரிக்கும். எரிச்சல்பட்ட பை நிறையும்வரை காத்திருக்காது. சும்மா சும்மா சுருங்கும். ஆக, மனிதர் தாகத்தில் காய்ந்து, முன்னைவிட அதிகமாக நனைந்துகொண்டிருந்தார்.

வீட்டில் படுக்கையைக் கூடத்துச் சோபாவுக்கு மாற்றிக்கொண்டார். முதுகு வலி என்றார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். தையல்காரிக்கு வாயில் ஊசியை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கத் தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஊசியை எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டுக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை. லெட்டர் வந்திருக்கு."

"பாக்கலாம்."

"போன தடவையும் பாக்கலாம்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் பாக்கலாம்னீங்க. ரெண்டு தடவையும் எதைப் பாத்தீங்க?"

"ஊசி படக்கூடாது. ஐயா சொல்லியிருக்கார்."

"ஐயா டாக்டரா?"

"டாக்டர்தான் என்னை இப்படி ஆக்கி விட்டார்."

"டாக்டர் உங்களை உயிரோட ஆக்கி விட்டார். அது பெரிய தப்புதான்."

கத்தரியார் எழுந்து போய்விட்டார். எழும்போது ஒரு கையால் கால்சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பரிசோதனை என்ன என்றால், புரோஸ்டேட்டின் செல்கள் உண்டாக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கும். சுரப்பியையே எடுத்த பிறகு அது ஏறக்குறைய இருக்கவே கூடாது. மெல்ல ஏறினால், எங்கேயோ சில செல்கள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் மருந்து. தெரியவேண்டுமானால் பார்க்கவேண்டும். பார்க்கவேண்டுமானால் ஊசி குத்தவேண்டும். கத்தரியாரின் உயிர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் இருந்தது. அதை அவர் பித்தளைப் பூட்டுக்கு அடகு வைத்திருந்தார். மூன்றாவது தடவையும் போகாவிட்டால் தொடர் பரிசோதனைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தராசுக்காரர் வந்தார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் கடை கடையாகப் போய்ப் படிக்கல்லைச் சோதித்தவர். அவரும் பூட்டையாவிடம் பூட்டுப் போட்டவர்தான். வரிசையில் பலமுறை கத்தரியாருக்குப் பின்னால் நின்றிருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாததுபோல நடித்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரியார் தெளிப்பானை எடுத்தார்.

"அந்தத் தெளிப்பான் ஒழுகல" என்றார் தராசுக்காரர்.

"இல்ல சார், மூடி கொஞ்சம்..."

"நாப்பது வருஷம் கடைக்காரங்க கையைப் பாத்தே காலத்தை ஓட்டினவன் நான். வெளியில நின்னு பாத்தேன். நீங்களே உங்க மேல அடிச்சுக்கிட்டீங்க."

கத்தரியார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ஒழுகுது" என்றார் தராசுக்காரர், மணி என்ன என்று சொல்வதுபோல.

"சார், சொல்லாதீங்க. எல்லார் பூட்டும் உடைஞ்சுடும்."

"உடைஞ்சா என்ன ஆகும்?"

"ஒழுகும்."

"இப்ப என்ன ஆகுது?"

கத்தரியார் ஏப்ரனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தராசுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"நான் தினமும் என் பேடை எடை போடறேன். சிரிக்காதீங்க, இல்ல, சிரிக்கணும்னா சிரிங்க, நனைஞ்சா நனையட்டும். காஞ்ச பேட் என்ன எடை, கழட்டுறப்ப என்ன எடை. ஒரு கிராம் கூடினா ஒரு மில்லி. ஆபரேஷன் ஆன புதுசுல ஒரு நாளைக்கு முந்நூறு. அடுத்த மாசம் இருநூத்தி அறுபது. அப்புறம் இருநூத்தி இருபது. அப்பதான் பூட்டு போட்டேன். அடுத்த மாசம் நூத்தி எண்பது. இப்ப நூத்தி நாப்பது."

"பாத்தீங்களா, பூட்டு போட்டப்புறம் குறைஞ்சிருக்கே."

"முன்னாடியும் அதே நாப்பதுதான் குறைஞ்சுது. பூட்டு போட்ட அன்னிக்கு அந்தக் கணக்கு தலையைத் திருப்பிக்கூடப் பாக்கல."

"அப்போ வெள்ளை நாற்காலி?"

"நீங்க சொல்லுங்க. அன்னிக்கு உள்ள என்ன கட்டியிருந்தீங்க?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது போய் மறைகிறவரை கத்தரியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்" என்றார் கடைசியில். "நான் ஒருத்தன்தான் ஐயாவை ஏமாத்தினேன் சார். மத்தவங்க எல்லாம் சும்மாவே உக்காந்திருக்காங்க. எனக்குத்தான் நம்பிக்கை பத்தல. அதனாலதான் எனக்கு மட்டும் நிக்கல."

"நானும் அதேதான் நினைச்சேன். நான் ஒருத்தன்தான் கள்ளன்னு. இப்ப ரெண்டு பேர் ஆயிட்டோம். மொத்தம் நாப்பத்தொரு பேர். மீதியை எண்ணினாத் தெரிஞ்சுடும்."

வெள்ளை நாற்காலியின் ரகசியம் இவ்வளவுதான். கூட்டத்தன்று எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது கட்டளை. உள்ளே வருமுன் எல்லாரும் கழிப்பறைக்குப் போய்வரவேண்டும், அது 'சுத்தி'. இந்த நோயாளிக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதிகம் ஒழுகாது. எழும்போதுதான் ஒழுகும். எழுந்த பிறகு அவன் நாற்காலியில் இல்லை. இத்தனையும் பத்தாதென்றால், ஏறக்குறைய ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ரகசியமாக ஒரு பேட் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதிசயத்துக்கு வேண்டிய பொருளைப் பக்தர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பூட்டையாவின் வேலை டிக் என்று சத்தம் கொடுப்பது மட்டும்.

"யாரும் கையைத் தூக்க மாட்டாங்க சார்" என்றார் கத்தரியார். "என்னையே கேளுங்க. பொண்டாட்டிகிட்டயே சொல்லல."

"சொல்லவேண்டாம். துவைக்கிறது யாரு?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"எட்டு மாசமா எல்லாத்தையும் நீங்களே ரகசியமா அலசிட்டுத் துவைக்கப் போடுறீங்க. தெளிப்பான் தண்ணிக்கு என்னங்க அப்படி ஒரு வாசனை? நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க சோபாவுக்குப் போயிட்டீங்க."

"உனக்கு அருவருப்பா இருக்கும்னு..."

"எனக்குக் கோவமாத்தான் இருக்கு. அதை வீட்டுல வெச்சுக்கலாம்." அவள் தராசுக்காரரைப் பார்த்தாள். "அண்ணா, கையைத் தூக்கச் சொன்னா ஆம்பளைங்க தூக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியாம சொல்ல ஒரு வழி பண்ணிக் குடுத்தா சொல்லுவாங்க. என்கிட்ட ஒரு டப்பா பொத்தான் இருக்கு. கறுப்பு, வெள்ளை. ஒரே அளவு, ஒரே எடை. ஆளுக்கு ரெண்டு குடுங்க. ஒரு பைக்கு நீளமா கை வெச்சுத் தைச்சுத் தரேன். முழங்கைவரை உள்ளே விட்டுப் போடட்டும். எதைப் போட்டாங்கன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது."

தராசுக்காரரின் முகம் மலர்ந்தது. "ஒரே எடையா? அப்ப எண்ணக்கூட வேண்டாம்மா. நம்ம தராசு இருக்கு."

கத்தரியார் மட்டும் மெல்லக் கேட்டார். "ஒருவேளை வெள்ளைதான் நிறைய விழுந்துச்சுன்னா?"

"அப்ப நான் கடைசிவரை உங்ககிட்ட ஆஸ்பத்திரின்னு பேசமாட்டேன்" என்றாள் மனைவி. "கறுப்பு நிறைய விழுந்தா வெள்ளிக்கிழமை வரணும். சரியா?"

"சரி."

புதன்கிழமை நன்றிக் கூட்டம். நாற்பத்தொரு வெள்ளை நாற்காலி. நாற்பத்தொரு காய்ந்த தொண்டை. பூட்டையா சந்தன நிறச் சால்வையில் வந்தார். இடுப்பில் அவரே ஒரு பெரிய பூட்டு மாட்டியிருந்தார். எதை அடக்க என்று யாரும் கேட்டதில்லை. அருளுரை ஆரம்பிக்கும் முன்னாலேயே தராசுக்காரர் கைகூப்பி எழுந்தார்.

"ஐயா, உங்க பெருமையை ஊருக்கு எழுதிக் காட்டணும்னு ஆசை. நான் எடை அளவு ஆபீசர். என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு. ஒரு சின்ன சாட்சி எடுத்துக்கலாமா?"

பூட்டையாவின் கண் சுருங்கியது. "என்ன சாட்சி?"

"ஆளுக்கு ரெண்டு பொத்தான். உடம்புல பேட், பஞ்சு எதுவும் இல்லாம, பூட்டோட மட்டும் உக்காந்திருக்கவங்க வெள்ளை போடணும். பேட் கட்டியிருந்தா கறுப்பு. யாரு எதைப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"என் பிள்ளைகள்ல கறுப்புக்கு ஆளே கிடையாது. அதை எதுக்குக் கொடுக்கறே? இது சந்தேகம்."

"ஐயையோ, அப்ப வேண்டாம்." தராசுக்காரர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இங்க யாருக்காவது ஐயா பூட்டு மேல சந்தேகம் இருக்கா? ஒருத்தருக்கு இருந்தாலும் சொல்லுங்க, இப்பவே நிறுத்திடலாம்."

"இல்லை" என்று நாற்பது குரல் சொன்னது. கதவோரத்து மனைவிமார் அதைவிட உரக்கச் சொன்னார்கள்.

இப்போது மறுத்தால் சந்தேகப்படுபவர் பூட்டையா. அவர் இத்தனை நாள் விற்ற சரக்கை அன்றைக்கு அவரே வாங்கவேண்டி வந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு எச்சரித்தார்.

"போடுங்க. ஆனா ஞாபகம் இருக்கட்டும். ஒருத்தன் கறுப்பு போட்டா எல்லார் பூட்டும் உடையும்."

மிரட்டல் போதும் என்று நினைத்தார். நேருக்கு நேர் நிற்கும் மனிதனுக்கு அது போதும். பைக்குள் முழங்கைவரை நுழைந்த கைக்கு அது கேட்பதில்லை.

பை நாற்காலி நாற்காலியாக வந்தது. கத்தரியாரின் முறை. இடது கையில் வெள்ளை, வலது கையில் கறுப்பு. வெள்ளையைப் போட்டால் நாளைக்கும் பூட்டு இருக்கும். என்றைக்காவது நின்றுவிடும் என்ற நினைப்பும் இருக்கும். கறுப்பைப் போட்டால், சுற்றி உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரின் பூட்டையும் உடைத்த பாவம். உள்ளே பேட் ஏற்கெனவே கனத்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், கறிக்கடைக்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையைப் பார்க்கும் அந்தப் பார்வை கத்தரியாருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கடைக் கண்ணாடியில் எட்டு மாதமாகப் பார்த்தது.

வலது கையைப் பைக்குள் விட்டார். விரலைத் திறந்தார்.

கடைசி ஆளும் போட்டதும் தராசுக்காரர் மேசைமேல் தன் பழைய பித்தளைத் தராசை வைத்தார். முதலில் வெறும் தட்டுகளை ஆட்டிக் காட்டினார். முள் நடுவில் நின்றது. பையை ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்தார். வெள்ளையைப் பொறுக்கி இடது தட்டில் போட்டார். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். பிறகு தாம்பாளத்தை அப்படியே வலது தட்டில் சரித்தார். தட்டு தொம்மென்று மேசையில் உட்கார்ந்தது. இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் இடது தட்டோடு உயரே போய் ஆடின.

"கறுப்பு முப்பத்தொன்பது" என்றார் தராசுக்காரர். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. எத்தனையோ கடைகளில் சொல்லிப் பழகிய குரல்.

பூட்டையாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? எண்ணினீங்க. சந்தேகம் உள்ளே வந்துச்சு. எல்லார் பூட்டும் இப்ப உடைஞ்சுபோச்சு."

எட்டு மாதம் வாயைத் திறக்காத கத்தரியார் எழுந்தார்.

"உடைஞ்சது இப்பதானே ஐயா?"

"ஆமா. இப்பதான்."

"நாங்க பேடைக் காலையிலேயே கட்டிட்டு வந்துட்டோமே."

முதலில் கறிக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கியது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, போகுது, போகுது" என்றார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவருக்கும் போனது. அதையும் சொன்னார். கூடமே குலுங்கியது. முப்பத்தொன்பது பேர் ஒரே நேரத்தில் நனைந்தார்கள். ஒருவருக்கும் வெட்கம் இல்லை.

"உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு."

"எனக்கு ஆறு. நாலெல்லாம் ஒரு ஒழுகலா?"

"எந்தப் பேட் வாங்கறீங்க?"

"பக்கத்து மருந்துக்கடையிலதான். பேரே சொல்லவேண்டாம். விரலைக் காட்டினாப் போதும், காகிதத்துல சுத்தித் தயாரா வெச்சிருப்பான்."

"நானும் அங்கதான்."

"நானும்."

கறிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "இருங்க. அந்தக் கடைக்காரன் ஐயாவோட மைத்துனன் இல்ல?"

எல்லாத் தலையும் மேடைப்பக்கம் திரும்பியது. பேட் கட்டினால் பூட்டு திறக்கும் என்று இந்தக் கதவுக்குள் சொன்னவர், அடுத்த கதவில் பேட் விற்றுக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்குக் குணமாகவில்லை என்ற செய்தி ஊரில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும், கட்டுக் கட்டாக, சரியாகத் தெரிந்திருந்தது.

பூட்டையா பதில் சொல்லவில்லை. பின்கதவு பதில் சொன்னது.

அந்த இரண்டு வெள்ளைப் பொத்தான்களின் சொந்தக்காரர்களையும் விட்டுவிடக்கூடாது. ஒருவர் தானாகவே எழுந்து சொன்னார். "எனக்கு ஆபரேஷன் ஆகி மூணு வருஷம். பூட்டு போடறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. திரும்ப வந்துடுமோன்னு பயத்துல வந்தேன்." இன்னொருவர் தலையைச் சொறிந்தார். "நான் ஆஸ்பத்திரியில சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாம செஞ்சேன். இறுக்கு, பத்து எண்ணு, விடு. ஐயாவுக்குத் தெரிஞ்சா கோவிச்சுப்பார்னு சொல்லல." குணமானவனும் வாயை மூடிக்கொண்டிருந்தான், குணமாகாதவனும் வாயை மூடிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரே ஒரு வாய் மட்டும் ஒலிபெருக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கத்தரியார் ஆஸ்பத்திரியில் சட்டைக்கையை மடித்தார். பக்கத்தில் மனைவி. ரத்தம் எடுத்த பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள், "இன்னும் ஒழுகுதா?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். காத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்.

"ஆமாம்மா. இருமினா, குனிஞ்சா, எழுந்தா. இதுக்கு எங்க போகணும்?"

"இதே மாடியில, மூணாவது கதவு. ஏன் இவ்வளவு நாள் வரல?"

"பூட்டியிருந்தேன்" என்றார்.

ரத்தத்தில் அந்தப் பொருள் லேசாக ஏறியிருந்தது. மிகக் கொஞ்சம். பயப்படவேண்டாம், சரியான நேரத்தில் வந்தீர்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இன்னொரு தடவை தள்ளிப்போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மனைவி கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார். கத்தரியார் அந்தப் பேனாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டையாவை யாரும் பிடிக்கவில்லை. கிடங்கு காலி. பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வேறு ஏதோ ஊரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே மூத்திரம் இல்லை, வேறு தொழில். என்ன தொழில் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. எந்த நோய் என்பது அவருக்கு முக்கியமே இல்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான் தேவை. உங்கள் வீட்டில், மருத்துவரிடம்கூடச் சொல்லக் கூசி, கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கிற சங்கதி ஒன்று இருந்தால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் உங்கள் தெருவில் வாடகைக்கு இடம் பேசி முடித்திருப்பார்.